மருதப்பனின் சிகரெட் தட்டு

எழுபதுகளில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கல்யாணம் நடத்தியவர்களுக்கும் சாவு எடுத்தவர்களுக்கும் மருதப்பனைத் தெரிந்திருக்கும். அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. கல்யாண வீடென்றால் சந்தனம், கற்கண்டு, வெற்றிலை பாக்கோடும், சாவு வீடென்றால் வேர்க்கடலை, கோப்பியோடும் ஒரு எவர்சில்வர் தட்டு வாசலில் இருக்கும். தட்டின் நடுவில் மூடி திறந்த சிகரெட் டின் ஒன்று. வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காமல் போனால் வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த டின் பெரும்பாலும் மருதப்பன் கொண்டுவந்ததாக இருக்கும்.

அவர் ஒரு சிகரெட் கம்பெனியில் வேன் சேல்ஸ்மேன். ஜூரோங்கில் இருந்த கிடங்கில் காலையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தேக்கா, ரங்கூன் ரோடு, சில நாள் கிராஞ்சித் தோட்டங்கள் வரை கடை கடையாகப் போய் இறக்க வேண்டும். கம்பெனி மாதக் கடைசியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சில டின்களை இலவசமாகக் கொடுத்தது. சிலர் குடித்தார்கள், சிலர் கடைக்காரர்களிடம் விலை குறைத்து விற்றார்கள். மருதப்பன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்து, சாக்கடையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தவர். விற்கவும் கூச்சம். ஆகவே கொடுத்தார். மொய் எழுதக் கையில் காசில்லாத ஒரு மனிதன் எந்த வீட்டு வாசலிலும் தலைநிமிர்ந்து நுழைவதற்கு அந்த டின் வழி செய்தது. "வாங்க மருதப்பன்" என்று பெரிய கடை முதலாளிகள்கூட எழுந்து நின்றார்கள்.

எழுபத்தொன்றில் சிகரெட் விளம்பரங்களுக்குத் தடை வந்தது. கடைகளில் தொங்கிய தகரப் பலகைகளைக் கழற்றி வரும் வேலையும் மருதப்பனுக்கே வந்தது. பலகைகள் போன பிறகு மாதக் கடைசி டின்களின் எண்ணிக்கை கூடியது. விசேஷம் என்று சொல்லிக் கேட்டால் இன்னும் கொடுத்தார்கள். கம்பெனிக்குத் தாராள மனசு என்று அவர் நினைத்தார். சுவரில் தொங்கக் கூடாது என்று சட்டம் சொன்ன பெயர், சாவு வீட்டுத் தட்டில் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கம்பெனிக்கு அது தெரிந்திருந்தது. மருதப்பனுக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

வேனை ஓட்டியவர் அலெக்சாண்டர். இருவரும் தோ பாயோவில் பக்கத்துப் பக்கத்து அடுக்குமாடி புளோக். ஒருவர் வீட்டில் மாரியம்மன் படம், இன்னொருவர் வீட்டில் வேளாங்கண்ணி மாதா. தீபாவளிப் பலகாரமும் கிறிஸ்துமஸ் கேக்கும் கைமாறிக்கொண்டிருக்கும். அலெக்சாண்டர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மறு கையில் சிகரெட் வைத்திருப்பார். தன் பங்கு டின்கள் மாதப் பாதியிலேயே தீர்ந்துவிடும். விசேஷங்களுக்குப் போக மருதப்பனிடம் மிஞ்சுவதும் அவருக்குத்தான் போகும்.

"நீ குடிக்காததையும் சேத்து நானே குடிக்கிறேன் லா. கம்பெனிக்கு நஷ்டம் வரக்கூடாது பாரு" என்பார்.

சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் அச்சடித்து வர ஆரம்பித்தபோது அதை மருதப்பனிடம் நீட்டிக் காட்டினார். "பாரு, சர்க்கார் என் உடம்பை விசாரிக்குது. பொண்டாட்டிகூட இப்படி விசாரிக்கல."

எண்பத்து மூன்றில் இருமல் தொடங்கியது. வேன் ஓட்டும்போது இருமல் வந்தால் ஓரம் கட்டி நிறுத்த வேண்டியிருந்தது. தூசி என்றார்கள், பனி என்றார்கள், மாதா கோயிலில் மெழுகுவர்த்திப் புகை என்றார்கள். அவர் மனைவி அந்தோனியம்மாள் ஒரு நவநாள் செபம் விடாமல் சொன்னாள். மருதப்பனின் மனைவி ரத்தினம்மா வீரமாகாளியம்மன் கோயிலில் அவருக்காக அர்ச்சனை செய்தாள். இரண்டு தெய்வங்களையும் நம்பி நான்கு மாதம் போனது. அந்த நான்கு மாதத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்கலாம்.

எடுக்காததற்குக் காரணமும் இருந்தது. அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் அந்த நாள் வேலை போகும். கூலிக்காரனுக்கு அது வெறும் நாள் அல்ல, சாப்பாடு. இந்த நிலைமைக்காகவே கெர்பாவ் ரோட்டில் ஒரு மாடியறையில் தொழிலாளர் சங்கம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை கிளினிக் நடத்திவந்தது. டாக்டர் பாலகிருஷ்ணன் வாரம் முழுக்க அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் காசு வாங்காமல் அங்கே வந்து உட்கார்ந்து நெஞ்சுகளைக் கேட்பார். கப்பல் பட்டறை ஆட்கள், தோட்ட வேலைக்காரர்கள், ரோடு கூட்டுகிறவர்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மருதப்பன்தான் நண்பனை வலுக்கட்டாயமாக அங்கே கூட்டிப் போனார்.

டாக்டர் எக்ஸ்ரே எடுக்க வைத்தார். நுரையீரலில் புற்று. டாக்டர் அதைச் சொன்ன பிறகு மருதப்பன் அவரைத் தனியே கூப்பிட்டு, இது சிகரெட்டால் வந்ததா என்று கேட்டார். கேட்டவர் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்பது டாக்டருக்குத் தெரியும். இருந்தும் ஆமாம் என்றார்.

கம்பெனி அலெக்சாண்டரை உடல்நலக் காரணம் காட்டி அனுப்பியது. ஒரு விருந்து வைத்தார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அந்த மாதத்து இலவச டின்களும் தவறாமல் வீட்டுக்கு வந்தன.

அந்த டின்களைப் பார்த்த பிறகுதான் மருதப்பனுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது. ஜூரோங் பக்கம் வேன் போகும்போதெல்லாம் அவர் பார்த்திருக்கிறார்: பட்டறையில் ஒருவனுக்கு விரல் போனால் நஷ்டஈடு உண்டு. முதலாளி தர்மம் செய்வதாக யாரும் அதைச் சொல்வதில்லை. சட்டம் இருக்கிறது, கொடுத்தாக வேண்டும். விரலுக்கு உண்டென்றால் நுரையீரலுக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்வியோடு ஒரு நாள் அவர் கம்பெனி ஆபீசுக்குள் போனார். வாழ்க்கையில் அவர் தனக்கென்று எதையும் கேட்டு அந்தப் படி ஏறியதில்லை. இப்போதும் தனக்காக இல்லை. கம்பெனி அலெக்சாண்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்காகக் கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

உள்ளே இருந்தவன் இராமசாமி. ஒரு காலத்தில் மருதப்பனோடு பெட்டி தூக்கியவன். இரவுப் பள்ளியில் ஆங்கிலம் படித்து, இப்போது கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. கழுத்தில் டை. எழுந்து நின்று உட்காரச் சொல்லி, கோப்பி வரவழைத்தான். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டான்.

"அண்ணே, யாரும் அவர் வாயில வச்சுப் பத்த வைக்கலையே."

"மாசாமாசம் டின்னைக் கையில குடுத்தது யாரு?"

"குடுத்தது கம்பெனி. எல்லாருக்கும்தான் குடுத்துச்சு." இராமசாமி குரலை உயர்த்தவில்லை. "உங்க பங்கையும் சேத்து அவருக்குக் குடுத்தது யாருண்ணே?"

மருதப்பன் கோப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் தோ பாயோ வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்ததாகப் பின்னால் ரத்தினம்மாவிடம் சொன்னாராம். கொடுத்ததில் தன் கையும் உண்டு. ஆனால் கேள்வி கேட்டவனுக்கும் பொறுப்பு உண்டு என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாமல் கொடுத்தவனையும் தெரிந்தே கொடுத்தவனையும் ஒரே தராசில் நிறுத்துவது பெரிய இடங்களில் வழக்கமாக நடக்கும் காரியம்.

சில வாரங்களில் இராமசாமி கெர்பாவ் ரோட்டு மாடிக்கு வந்தான். தனி ஆளுக்கு நஷ்டஈடு என்ற பேச்சே கிடையாது, அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றான். ஆனால் சமூகத்துக்கு உதவி செய்யக் கம்பெனி எப்போதும் தயார். கிளினிக்குக் கீழ்த்தளத்தில் நல்ல அறை, வாடகை கம்பெனியுடையது. நோயாளிகளின் எக்ஸ்ரே செலவு கம்பெனியுடையது. ஆட்களை ஏற்றிப்போக ஒரு வேன். பதிலுக்கு வாசலிலும் வேனிலும் கம்பெனி பெயர். கிளினிக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் தூசி, சமையல் புகை, ஊதுவத்திப் புகை இவற்றைப் பற்றி எழுதலாம். மற்றவை வேண்டாம்.

சங்கக் கூட்டத்தில் தகராறு நடந்தது என்று சொல்ல முடியாது. தகராறு செய்யும் அளவுக்கு அங்கே யாருக்கும் தெம்பில்லை. மாடி வீட்டுச் சொந்தக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லி நாள் ஆகியிருந்தது. செயலாளர் நாகூர் கனி, மளிகைக் கடைக்காரர், எந்தக் கையிலிருந்து வந்தாலும் நோயாளிக்குப் போனால் சரி என்றார். மருதப்பன் மட்டும் ஒன்று சொன்னார். வாங்க வேண்டும், விடக் கூடாது. ஆனால் நஷ்டஈடாக வாங்க வேண்டும், அன்பளிப்பாக அல்ல. நோயைக் கொடுத்தவன் மருந்துக்குக் கொடுப்பது அபராதம். அதற்குப் போய் மாலை போட்டு போட்டோ எடுக்கிறோமே என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள். இராமசாமியிடம் கேட்டும் பார்த்தார்கள். அவன் சிரித்துவிட்டுப் போனான்.

டாக்டர் பாலகிருஷ்ணன் நல்ல மனிதர். அதனாலேயே அவர் சொன்னது மருதப்பனை அதிகம் சோர்வடையச் செய்தது.

"தாள்ல எழுதாததை நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயால சொல்லிக்கிறேன், மருதப்பன். எக்ஸ்ரே வாயால வராது."

வேறு வழியில்லாமல் நண்பனிடமே போய்க் கேட்டார். அலெக்சாண்டர் அப்போது பாதி உடம்பாகியிருந்தார். கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்கிக்கங்கடா" என்றார். "பேருதானே, போட்டுக்கட்டும். என் நெஞ்சுக்குள்ளயும் அவன் பேருதான் எழுதியிருக்கு."

புதிய இடத்தின் திறப்பு விழா எண்பத்தைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வாசலுக்கு மேல் கம்பெனி பெயர் பெரிய எழுத்தில் நீளத் துணியில் தொங்கியது. விளம்பரத் தடைச் சட்டம் வந்து பதினான்கு வருஷம் கழித்து, அந்தப் பெயர் அந்தத் தெருவில் மறுபடி பகிரங்கமாக ஏறியது, ஒரு மருத்துவமனையின் நெற்றியில். வேனும் வந்து நின்றது. வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். தன்னை ஏற்றக் கதவைத் திறந்தபோதே அலெக்சாண்டருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஓட்டிய பழைய வேன் அது. பெயின்ட் அடித்தாலும் உள்ளே புகையிலை நாற்றம் போகவில்லை. அந்த வேனில்தான் அவரைத் தோ பாயோவிலிருந்து கொண்டுவந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கம்பெனி உதவியின் முதல் நோயாளி என்று அவரைப் படமெடுக்க ஏற்பாடு.

காலையிலிருந்து சங்கத்து ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கோப்பி கலந்தார்கள், வாசலில் மேஜை போட்டார்கள். மருதப்பன் நாற்காலி தூக்கினார், மைக் கட்டினார், எல்லாம் முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது பார்த்தார்.

மேஜை மேல் எவர்சில்வர் தட்டு. சந்தனம், கற்கண்டு, வெற்றிலை பாக்கு. நடுவில் மூடி திறந்த சிகரெட் டின்.

வந்தவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சைக் காட்ட வந்த பட்டறை ஆட்கள் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, கற்கண்டை வாயில் போட்டு, ஒரு சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. விசேஷத்தில் தட்டு இருந்தால் எடுக்க வேண்டும். யாரோ மரியாதையாகத் தட்டை முன்வரிசைக்குக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார்கள். அலெக்சாண்டரின் விரல்களுக்கிடையிலும் ஒன்று இருந்தது. பற்ற வைக்கவில்லை. கை பழக்கத்தில் எடுத்திருந்தது.

முதலில் பதறியவன் இராமசாமி. மேஜைக்குத் திரும்பி வந்துவிட்ட தட்டை ஒரு துணியால் மூடப் பார்த்தான். பத்திரிகையிலிருந்து போட்டோ எடுப்பவர் கேமராவைத் தூக்கிவிட்டார்.

"அண்ணே, தட்டை எடுங்க சீக்கிரம். போட்டோவுல விழப்போகுது."

"வைக்கிறப்போ தெரியலையா?" என்றார் மருதப்பன்.

"நாங்க வைக்கலண்ணே. அண்ணிதான் வச்சாங்க. உங்க வீட்டு டின்."

மருதப்பன் திரும்பி ரத்தினம்மாவைப் பார்த்தார். கையில் சந்தனக் கிண்ணத்தோடு அவள் நின்றிருந்தாள். இத்தனை வருஷமாக எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் அவர் அலமாரியிலிருந்து ஒரு டின்னை எடுத்துவரச் சொல்லுவார். இன்றைக்கு அவர் அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து அவளே எடுத்துவந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவளைத் திட்ட அவருக்கு உரிமையில்லை. அந்தப் பழக்கத்தைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் வைத்தவர் அவர்தான். கடனோடு கல்யாணம் செய்தவனும், பிள்ளையைப் பறிகொடுத்தவனும் கம்பெனியின் சரக்கைத் தன் வாசலில் தன் மரியாதையாக வைத்து வணங்கினார்கள். கம்பெனி ஒரு பலகை மாட்டத் தேவையில்லாமல் போனது.

இராமசாமி மறுபடி தட்டின் விளிம்பைப் பிடித்தான். மருதப்பன் அவன் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"இருக்கட்டும்."

"அண்ணே, விளையாடாதீங்க."

"அங்க மேல எழுதியிருக்கிற பேருதான் டின்லயும் இருக்கு. ரெண்டையும் குடுத்தது ஒரே ஆளு. ஒண்ணாவே போட்டோவுல வரட்டும்."

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் கேட்டது. டாக்டருக்குக் கேட்டது, தலையைக் குனிந்துகொண்டார். அலெக்சாண்டருக்கும் கேட்டது. அவர் சிகரெட் வைத்திருந்த கையை இறக்காமல், கேமராவுக்குத் தெரியும்படி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். இருமல் இல்லாதிருந்தால் சிரித்திருப்பார். இராமசாமி கையை எடுத்துக்கொண்டான். படம் எடுக்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்துப் படம் பத்திரிகையில் வந்தது. கம்பெனி பெயர் ஒரு எழுத்துக் குறையாமல் தெளிவாக இருந்தது. டாக்டர் இருந்தார், இராமசாமி இருந்தான். கீழ்ப்பகுதியை வெட்டியிருந்தார்கள். மேஜையும் தட்டும் இல்லை. அலெக்சாண்டர் மார்பு வரைக்கும் இருந்தார்.

மருதப்பன் பத்திரிகையை மடித்து வைத்தார். அந்த மாதக் கடைசியில் தன் பங்கு டின்களை வாங்காமல் கிடங்கு மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தார். அடுத்த ஆள் எடுத்துக்கொண்டான். இது ஏதோ பெரிய போராட்டம் என்று அவரும் நினைக்கவில்லை. அவரை வேனிலிருந்து எடுத்து, கிடங்குக்குள் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போட்டார்கள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருஷம் இருந்தது. வேலையை விட்டுவிடலாமே என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளினிக் நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வேன் எத்தனையோ பேரை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனது. சிலருக்கு நோய் முதலிலேயே தெரிந்தது. டாக்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றி, ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னார். கேட்டுக்கொண்டு வெளியே வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தால் கம்பெனி பெயர் தெரியும். நல்ல கம்பெனி, வைத்தியம் பார்க்குது என்று சொல்லிக்கொண்டே அந்தக் கம்பெனியின் சிகரெட்டையே வாங்கினார்கள். நாகூர் கனியின் கடையில் அது நன்றாக ஓடியது.

எண்பத்தாறில், நாடு முழுக்கப் புகை பிடிக்காதே என்று அரசாங்கம் பெரிதாக இயக்கம் தொடங்கிய நாட்களில், அலெக்சாண்டர் இறந்தார். சுவரெல்லாம் சுவரொட்டி. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒன்றைத் தாண்டித்தான் சவப்பெட்டியைப் புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஃபாதர் வந்து செபித்து, ஆண்டவர் தம்முடைய ஊழியனை அழைத்துக்கொண்டார் என்றார். மருதப்பன் கைகட்டி நின்று கேட்டார். அழைத்தது யார் என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதைச் சொல்லும் மனசு அவருக்கில்லை.

அந்தோனியம்மாள்தான் அவரிடம் வந்தாள். வர்றவங்களுக்குத் தட்டு வைக்கணுமே அண்ணே என்றாள்.

"வைம்மா. கடலை வை. மிட்டாய் வை."

அவள் போய் அப்படியே வைத்தாள்.

மாலையில் கூட்டம் சேர்ந்தது. வந்தவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு மேஜைக்கு வந்தார்கள். தட்டைப் பார்த்தார்கள், மேஜைக்கு அடியில் பார்த்தார்கள், மருதப்பனைப் பார்த்தார்கள். சிகரெட்டோடுதானே இவர் வருவார் என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டார். கம்பெனியில் வேலை பார்த்த மனுஷன் சாவில் ஒரு டின் வைக்க வக்கில்லையா என்று ஒரு கிழவர் காதுபடச் சொன்னார். "உசிரோட இருந்தா அலெக்ஸே வெக்கப்பட்டிருப்பான்லா" என்றார் இன்னொருவர். மருதப்பன் தன் வாழ்நாளில் ஒரு வாசலில் மரியாதை இழந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

குறை தெரிய வேண்டாம் என்று நினைத்து அந்தக் கிழவர் தன் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துத் தட்டில் கடலை மேல் வைத்தார். மருதப்பன் எழுந்து போனார். பாக்கெட்டை எடுத்து, கிழவரின் பையிலேயே திரும்பப் போட்டு, பை மடிப்பைச் சரிசெய்து விட்டார். கிழவர் அவர் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

அடக்கத்துக்கு முன்னால் இராமசாமி வந்தான். பின்னால் ஒரு பையன் மலர்வளையம் தூக்கி வந்தான். நடுவில் கம்பெனி பெயர் எழுதிய பட்டை. இராமசாமி பெட்டி முன் நின்று தலை குனிந்தான், அந்தோனியம்மாளிடம் இரண்டு வார்த்தை சொன்னான், பிறகு எல்லாரையும் போல மேஜைக்கு வந்தான். அவன் கை தானாகத் தட்டின் நடுவுக்குப் போனது. அங்கே கடலை இருந்தது. கை அப்படியே நின்றது. நிமிர்ந்து மருதப்பனைப் பார்த்தான்.

மருதப்பன் தட்டை அவன் பக்கம் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

இராமசாமி இரண்டு கடலையை எடுத்துக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். தோலை உரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கும்வரை அவற்றைக் கைக்குள்ளேயே வைத்திருந்தான்.